எடைக்கல் அக்கா கட்டிய கணினி

லிஃப்ட் சோதிக்க வருகிறவர்கள் பொதுவாக ஒரு கோப்பும் பேனாவுமாக வருவார்கள். இவள் ஒரு வேன் நிறைய இரும்போடு வருவாள். இருபது கிலோ கட்டிகள், மொத்தம் நாற்பது. காவலாளி 'யாரும்மா, எந்த வீடு?' என்று கேட்டு முடிப்பதற்குள் இரண்டு சுமையாட்கள் கட்டிகளை லிஃப்டுக்குள் அடுக்கத் தொடங்கியிருப்பார்கள். எட்டுப் பேர் ஏறலாம் என்று பலகையில் எழுதியிருந்தால், பத்துப் பேரின் எடையை ஏற்றி, மேலும் கீழும் ஓட்டி, நடுவழியில் மின்சாரத்தை நிறுத்தி, கயிறு வழுக்குகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்து. அதனால் அடுக்குமாடிக் காவலாளிகள் அவளுக்கு எடைக்கல் அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். வயது நாற்பத்தாறு. பெயரைக் கேட்டு ஆஜானுபாகுவான ஒருத்தியை எதிர்பார்க்கிறவர்கள், வேனிலிருந்து இறங்கும் ஒல்லிக்குச்சி உருவத்தைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள்.

அவள் இந்த வேலைக்கு வந்ததே ஒரு கேள்வியால்தான். இருபத்திரண்டு வயதில் லிஃப்ட் கம்பெனி ஒன்றில் சான்றிதழ் தட்டச்சு செய்யச் சேர்ந்தாள். எந்தக் கட்டடமானாலும் கடைசி வரியில் 'திருப்தி' என்று அடிக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் அடித்த பிறகு ஒருநாள் தலைமை ஆய்வாளரிடம் போய் நின்றாள்.

"இந்தத் திருப்திங்கிறத எப்படி சார் கண்டுபிடிக்கிறீங்க?"

"பார்த்தா தெரியும்மா," என்றார் அவர்.

அந்தப் பதில் அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. அடுத்த மாதமே கெஞ்சிக் கூத்தாடி அவர்களோடு சோதனைக்குப் போனாள். மூன்றாம் வருடம் ஆய்வாளர் தேர்வு எழுதித் தேறினாள். அதன்பின் அவளுடைய சான்றிதழ்களில் 'திருப்தி' என்ற சொல்லே கிடையாது. எத்தனை கிலோ, எத்தனை நொடி, எத்தனை மில்லிமீட்டர் என்றுதான் இருக்கும்.

வீட்டிலும் இதே கதைதான். புதுக் குடை வாங்கினால் மழை வரும்வரை பொறுக்க மாட்டாள். குளியலறை ஷவருக்கு அடியில் விரித்துப் பார்ப்பாள். அவளுடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இருவரும் பழகியதே அந்தக் கடையில்தான். பார்வைப் பரிசோதனைக்கு வந்தவள், எழுத்துகளை ஒரு தடவை படித்து முடித்துவிட்டு, "இப்போ எனக்கு மனப்பாடம் ஆகியிருக்கும், வேற அட்டை வச்சு மறுபடி பாருங்க," என்றாளாம். மூன்று அட்டைகள் மாற்ற வேண்டியிருந்தது. "மூணாவது அட்டையிலேயே நான் தோத்துட்டேன்," என்று கடைக்கு வருகிறவர்களிடம் அவர் இன்னமும் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவள் கையில் ஒரு கணினி கிடைத்தால் என்ன ஆகும்? அதுதான் நடந்தது.

அவளுக்கு ஒரு தங்கச்சி. அடுத்த தெருவில் இருக்கிறாள். இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்த மாதிரி படமாக்கித் தருவது அவள் தொழில். சுவரில் வெயில் விழுவது, ஜன்னல் கண்ணாடியில் எதிர்வீட்டு மரம் தெரிவது எல்லாம் அப்படியே தத்ரூபமாக இருக்கும். வேலை பார்த்த நிறுவனத்தை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே தனியாகச் செய்ய ஆரம்பித்தபோது, அவளிடமிருந்த பழைய மடிக்கணினி ஒரு படத்துக்கு அரைநாள் மூச்சு வாங்கியது.

"நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்ட மிஷின் ஒண்ணு வேணும்க்கா. கடையில கட்டித் தருவாங்க," என்றாள்.

"நானே கட்டித் தரேன்."

"உனக்குக் கம்ப்யூட்டர் கட்டத் தெரியுமா?"

"தெரியாது. அதுக்குத்தான் கட்டணும்கிறேன்."

தங்கச்சி, அக்காவின் கணவரைப் பார்த்தாள். "மாமா, நீங்களாவது சொல்லுங்களேன்."

"சொல்லிப் பார்த்துத்தாம்மா நான் மூணு அட்டை மாத்தினேன்," என்றார் அவர்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், சாப்பாட்டு மேசை முழுக்க அட்டைப் பெட்டிகள். மற்ற உதிரிகள் எல்லாம் புதியவை. திரையில் படம் வரையும் கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் கை மாறி வந்தது. பக்கத்து வட்டாரத்தில் கணினி விளையாட்டுக்கென்று கேம் சென்டர் நடத்திக் கடையை மூடிவிட்ட ஒருவர் அதை விற்றார். செங்கல் கனத்தில், இரண்டு மின்விசிறிகளோடு, தூசு துடைத்துப் பளிச்சென்று இருந்தது. முதல் தடவை கணினியை உயிர்ப்பித்தபோது திரை கறுப்பாகவே கிடந்தது. ராம் என்கிற நினைவகப் பட்டையைக் கழற்றி, 'டக்' என்று சத்தம் கேட்கும் வரை அழுத்திப் போட்டதும் படம் வந்தது. அந்த 'டக்'கைத் தங்கச்சிக்குத் தொலைபேசியில் மூன்று தடவை வாயால் செய்து காட்டினாள்.

பிறகு பரீட்சை. கணினிக்காரர்கள் இதைப் பெஞ்ச்மார்க் என்பார்கள். ஒரு மென்பொருள் கடினமான காட்சிகளாகத் திரையில் ஓட்டும். கார்டு ஒரு நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்று எண்ணிக் கடைசியில் ஒரு மதிப்பெண் போடும். அவள் மூன்று முறை ஓட்டினாள். 4812. 4790. 4806. கட்டம்போட்ட நோட்டில் எழுதிக்கொண்டாள். அதே கார்டு வைத்திருக்கும் மற்றவர்கள் இணையத்தில் போட்டிருந்த மதிப்பெண்களைத் தேடினாள். எல்லாம் 4500 பக்கம்தான். சூட்டையும் ஒப்பிட்டாள். மற்றவர்களுக்கு எழுபத்தைந்து டிகிரிக்கு மேல். இவளுடையது அறுபத்தாறைத் தாண்டவில்லை.

"எல்லாரையும் விட நாமதான் ஃபர்ஸ்ட்டா? சூடும் கம்மியா? கலக்கிட்டேக்கா!" என்று குதித்தாள் தங்கச்சி.

அக்கா பென்சிலால் நோட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். "ஏன் ஃபர்ஸ்ட்டு வருதுன்னு தெரியலையேடி."

"கம்மியா வந்தா காரணம் தேடலாம். அதிகமா வந்தா வாங்கி வச்சுக்க வேண்டியதுதானே?"

எடைக்கல் அக்கா அடுத்ததாகப் பளு சோதனை வைத்தாள். கார்டை முழு வேகத்தில் மூச்சுவிடாமல் நான்கு மணி நேரம் ஓடவிட்டாள். பாறை மாதிரி நின்றது. அதற்குமேல் மறுக்கக் காரணமில்லாமல் கணினியைத் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

மூன்றாம் நாள் மதியம் தொலைபேசி அழைப்பு வந்தது.

"அக்கா, செத்துப் போச்சு."

"எது?"

"உன் பாறை."

திரை பட்டென்று கறுத்து, கணினி தானாகவே மறுபடி எழுந்துகொண்டதாம். "அப்போ ஏதாவது படம் வரைஞ்சிட்டிருந்ததா?" என்று கேட்டாள் அக்கா. இல்லை, படம் காலையிலேயே முடிந்துவிட்டது. தங்கச்சி மின்னஞ்சல் படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஒரு வாடிக்கையாளரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது மறுபடி அதேபோல் கறுத்து விழுந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, முடித்த படங்களைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது. நாற்பது நிமிடம் மூச்சுமுட்டப் படம் வரையும்போது மட்டும் ஒருதரம்கூட விழவில்லை.

எடைக்கல் அக்காவுக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. வேலை முடிந்ததும் நேராகத் தங்கச்சி வீடுதான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது அவளுடைய கட்டுப்பாடு. முதலில் ராமைச் சோதித்தாள், குற்றமில்லை. கார்டுக்குப் போகும் மின்கம்பியை மாற்றினாள், மறுநாள் விழுந்தது. சுவர்ப் பிளக்கை மாற்றினாள், விழுந்தது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடும் நேரமா என்று பார்த்தாள். மோட்டார் காலையில் ஓடியது, கணினி மாலையில் விழுந்தது. திரையில் ஏதாவது நடுக்கம் தெரிகிறதா என்று பார்க்கக் கணவரையும் ஒரு மாலை உட்கார வைத்தாள்.

"இப்போ தெளிவா இருக்கா, இல்ல இப்போ தெளிவா இருக்கா?"

"ஏம்மா, பகல் பூரா நான் ஊரைக் கேக்குற கேள்வி இது. சாயங்காலமும் அதேதானா?"

"பதில் சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. உன் முகம்தான் முதல் தடவைய விட இப்போ தெளிவா இருக்கு."

தங்கச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு குடியிருப்புத் திட்டத்துக்கு இருபது படங்கள் கேட்டிருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் அனுப்பியாக வேண்டும். "நல்லா ஓடுற நேரத்துல நல்லா ஓடுது, சும்மா இருக்கிற நேரத்துல உயிரை விடுது. வாடிக்கையாளர்கிட்ட பேசிட்டிருக்கும்போது திரை கறுத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? கடையில கொடுத்துடலாம்க்கா," என்றாள். குரலில் கோபத்தைவிட அயர்ச்சி அதிகம் இருந்தது.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் குடு," என்றாள் அக்கா.

செவ்வாய்க்கிழமை காலை அவளுக்குப் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் சோதனை. பளு ஏற்றிப் பார்த்தாயிற்று. சுமையாட்கள் இரும்புக் கட்டிகளையெல்லாம் இறக்கி வேனில் அடுக்கிவிட்டார்கள். அவள் வெறும் பெட்டியை மேலே அனுப்பத் தயாரானபோது, குடியிருப்போர் சங்கச் செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார்.

"எடை ஏத்தித்தான் பாத்தாச்சே. காலியா எதுக்கும்மா ஓட்டுறீங்க? எங்க ஆளுங்க படியேறிட்டு இருக்காங்க."

இந்தக் கேள்வியை மாதம் இரண்டு பேராவது கேட்பார்கள். பதில் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. "கயித்தோட இந்த முனையில பெட்டி தொங்குது சார். அந்த முனையில அதுக்கு ஈடா ஒரு எடை தொங்குது. அது பெட்டியோட எடையும், ஏறக்கூடிய ஆளுங்க எடையில பாதியும். அதனால பெட்டி காலியா இருக்கும்போது அந்தப் பக்கம்தான் கனம். மேல போகச் சொன்னா அது பெட்டியைப் பிடிச்சு இழுக்கும். பிரேக் வீக்கா இருந்தா நிக்க வேண்டிய மாடியில நிக்காது. நிறைய பேரு, கனம் ஏத்தினாத்தான் ஆபத்துன்னு நினைச்சுக்கிட்டு காலியா ஓட்டிப் பாக்குறதே..."

அங்கே நின்றுவிட்டாள். செயலாளர் காத்திருந்தார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் பார்வை அவரைத் தாண்டி எங்கோ போயிருந்தது.

"பாக்குறதே...?" என்றார் அவர்.

"பாக்குறதே இல்ல சார். நானும் பாக்கல," என்றாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சோதனையைக் குறையில்லாமல் முடித்தாள். அந்த லிஃப்ட் சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றது. ஆனால் படியிறங்கும்போது அவள் வாய்க்குள் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக ஊருக்கெல்லாம் சொல்கிற பாடத்தைத் தன் வீட்டு மேசையில் மறந்திருக்கிறாள். நான்கு மணி நேரம் முழுப் பளு. காலியாக ஒரு நிமிடம்கூட இல்லை.

அன்று மாலை தங்கச்சி வீட்டில் புதுவிதமாக ஒரு சோதனையை வகுத்தாள். பத்து நொடி முழு வேகம், ஐந்து நொடி ஓய்வு. பிறகு கால் பளு, அரைப் பளு, மறுபடி ஓய்வு. ஓட்டப்பந்தய வீரனை ஓடவிட்டு, நிறுத்தி, நடக்கவிட்டு, திடீரென்று மறுபடி ஓடச் சொல்கிற மாதிரி. இதையே திரும்பத் திரும்ப. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். தங்கச்சி காபிக் கோப்பையோடு கதவில் சாய்ந்து நின்றாள்.

பதினோராவது நிமிடம் திரை கறுத்தது.

"வந்துடுச்சு!" என்று அக்கா கைதட்டினாள். மறுபடி ஓட்டினாள். ஒன்பதாவது நிமிடம் விழுந்தது. மூன்றாவது தடவை பன்னிரண்டு. ஒவ்வொரு தடவையும் முழு வேகத்தில் இல்லை. ஏறும்போதோ இறங்கும்போதோ, நடுப்படியில்தான்.

"அக்கா, அது மூணு தடவை செத்துப் போச்சு. நீ சிரிச்சுட்டிருக்கே."

"சாகலடி, மாட்டிக்கிச்சு. எப்போ விழும்னு தெரியாம இருந்தது. இப்போ நான் விழச் சொன்னா விழுது. இனிமே காரணத்தைச் சொல்லித்தான் ஆகணும்."

காரணம் தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் கார்டை விற்றவர். அவரை அழைத்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து முதலில் அவர் கொஞ்சம் விறைப்பாகத்தான் பேசினார். "மூணு வருஷம் ஓடின கார்டும்மா அது. ஒரு நாள்கூட விழுந்தது கிடையாது."

"நம்புறேன். குறை சொல்லக் கூப்பிடல. ஒரே ஒரு சந்தேகம். இது மத்த கார்டை விட அதிக மார்க் எடுக்குது, ஆனா சூடு கம்மியா இருக்கு. இதுக்கு நீங்க ஏதாவது பண்ணினீங்களா?"

எதிர்முனையில் குரல் இளகியது. கேட்க ஆள் இல்லாமல் இத்தனை நாள் வைத்திருந்த கதை போலிருக்கிறது.

"என் கடை சின்ன ரூம்மா. பன்னெண்டு மிஷின். அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும். சூட்டைக் குறைக்கணும்னு கார்டுக்குப் போற மின்சாரத்தைக் குறைச்சேன். மெமரி வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். அதை கார்டுக்குள்ளயே எழுதி வச்சுட்டேன். முழு வேகத்துக்கு எவ்வளவு குறைக்கலாம்னு ராத்திரி பகலா ஓட்டிப் பார்த்து வச்சது அது."

"நடுவுல இருக்கிற வேகத்துக்கெல்லாம்?"

"அது... குத்துமதிப்பா குறைச்சதுதான். என் கடையில ஏதும்மா நடு வேகம்? திறந்ததுலேர்ந்து மூடுற வரைக்கும் விளையாட்டுதான். மூடினா மெயினையே அணைச்சுடுவேன். அந்தக் கார்டு என்கிட்ட சும்மா இருந்ததே இல்ல."

சொல்லிவிட்டு அவரே, 'அடடா, நடு வேகத்துக்கு மின்சாரம் பத்தாமத்தான் விழுதா!' என்றார்.

கார்டின் மேல் ஓரத்தில் அரிசி மணி அளவில் ஒரு சுவிட்ச் இருக்கும் என்றும், அதை மறுபக்கம் தள்ளினால் அது தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த கணக்குப்படி ஓடும் என்றும் அவர் சொன்னார். கணினியின் மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். இருந்தது. இத்தனை நாளும் அதை ஒரு திருகு என்று நினைத்துத் துடைத்து வைத்திருக்கிறாள். மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பல்குத்தும் குச்சியால் தள்ளினாள்.

மறுபடி பெஞ்ச்மார்க். 4497. சூடு எழுபத்தேழு. மின்விசிறிகள் முன்னைவிட இரைந்தன.

"முன்னூறு மார்க் போச்சேக்கா," என்றாள் தங்கச்சி. முதல் ரேங்க் எடுத்த பிள்ளையின் விடைத்தாளைத் திருப்பி வாங்கித் திருத்திவிட்ட மாதிரி இருந்தது அவள் முகம்.

"போச்சுதான். உனக்கு மார்க்கு வேணுமா, படம் வேணுமா? முந்தாநாள் ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"முப்பத்தெட்டு நிமிஷம்."

அதே படத்தை ஓட்டினார்கள். நாற்பது நிமிடமும் சில நொடிகளும்.

"ரெண்டு நிமிஷம்தானா வித்தியாசம்?" தங்கச்சிக்கு நம்ப முடியவில்லை. "ரெண்டு நிமிஷத்துக்கா இவ்வளவு பாடு?"

அதற்குப் பிறகு ஏற்றி இறக்கும் சோதனை. பதினோரு நிமிடம் வந்தது, போனது. இருபது. ஒரு மணி நேரம். புதன்கிழமை அக்கா விடுப்புப் போட்டுவிட்டுக் காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை ஓட்டினாள். தங்கச்சி பொறுமையிழந்து, "நாலு மணி நேரம் நீ சோதிச்சா நான் எப்போ வேலை செய்யறது?" என்று நாற்காலியைப் பிடித்து இழுத்த பிறகுதான் எழுந்தாள். இருபது படங்களும் வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கே போய்ச் சேர்ந்தன. ஒரு பால்கனிக் கைப்பிடியின் நிறத்தை மட்டும் மாற்றச் சொன்னார்கள், மாற்றிக் கொடுத்தாள். திரை அதன்பின் கறுக்கவே இல்லை.

இத்தோடு முடிந்ததென்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். சனிக்கிழமை கேம் சென்டர்காரரே கூப்பிட்டார். அவருக்கு நான்கு நாளாக மனது சரியில்லையாம். பன்னிரண்டு கார்டில் இவளுடையதைச் சேர்த்து நான்கு விற்றுவிட்டார். மற்ற மூன்று பேரையும் தேடிப்பிடித்து அழைத்து, சுவிட்சைத் தள்ளச் சொல்லிவிட்டார். அதில் ஒருவர், கணினி அடிக்கடி விழுகிறதே என்று உள்ளே எல்லாம் பொருந்தியிருக்கும் தாய்ப்பலகையான மதர்போர்டையே மாற்றப் போயிருந்தாராம். மீதி எட்டு அவர் வீட்டுப் பின்னறையில் இருக்கின்றன.

"அந்தச் சோதனையை எனக்கும் காட்டுவீங்களா? சும்மா வித்துட மனசு வரல."

ஞாயிற்றுக்கிழமை எடைக்கல் அக்கா நோட்டும் பென்டிரைவுமாகக் கிளம்பினாள். கணவரும் கூட வந்தார். "கண்ணாடிக் கடைக்கு இன்னிக்கு லீவு. நான் எந்தக் கார்டு எத்தனாவது நிமிஷம் விழும்னு பந்தயம் கட்ட வரேன்," என்றார்.

பின்னறை அலமாரியிலிருந்து கார்டுகள் ஒவ்வொன்றாக இறங்கி அவருடைய கணினியில் ஏறின. சுவிட்சை மாற்றாமல், அவர் குறைத்து வைத்திருந்த கணக்கிலேயே முதலில் ஓட்டச் சொன்னாள் அவள். முதல் கார்டு பத்தாவது நிமிடம் விழுந்தது. கணவர் சொன்னது எட்டு. இரண்டாவது பதின்மூன்று. மூன்றாவது ஏழு. கேம் சென்டர்காரர் ஒவ்வொரு தடவையும் உச்சுக்கொட்டினார்.

நான்காவது விழவில்லை.

இருபது நிமிடம் ஆயிற்று, நாற்பது ஆயிற்று. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார்கள், ஓடிக்கொண்டிருந்தது. அதே கம்பெனி, அதே வருடம், அதே குத்துமதிப்பான கணக்கு. மற்ற மூன்றும் மண்ணைக் கவ்விய இடத்தில் இது சர்வசாதாரணமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்பாடா, ஒண்ணாவது தேறிச்சே," என்று கேம் சென்டர்காரர் அடுத்த கார்டை எடுக்கப் போனார்.

"இருங்க, இருங்க," என்றாள் அவள், நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு. "இது மட்டும் ஏன் விழல?"

கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தமக்கும் ஒரு நாற்காலி தேடினார்.